காரணம் கிடைக்காத துக்கத்தில் அர்த்தம் எங்கிருந்து வரும்?

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

மூன்று ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்த உங்கள் கணவர் எட்டு மாதங்களுக்கு முன், 42 வயதில் மறைந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் பிள்ளைகளும் சபையாரும் 21 நாள் உபவாசமிருந்து ஜெபித்தும் அவர் பிழைக்கவில்லை. அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே ஒருவர் "எங்கேயோ விசுவாசத்தில் குறைவு இருந்திருக்கிறது" என்றார். இன்னொருவர் "கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்றார். அவருடைய இடது கையில், டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் ஒவ்வொரு இரவும் விரலை வைத்து, உள்ளே இரத்தம் ஓடும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நீங்கள் படுப்பீர்கள் என்றும், இப்போதும் நடு இரவில் விழிப்பு வந்து கை தானாக அந்தப் பக்கம் போகிறது என்றும் எழுதியிருந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். "இந்தக் கஷ்டத்துக்கு என்ன அர்த்தம்? விசுவாசத்தில் நிலைத்திருந்தால் அது தெரியவருமா?" என்பது உங்கள் கேள்வி. முதலாண்டு நினைவு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி கேட்கிறார்கள், என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலும், வேதபாடம் கற்பித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். நீங்கள் ஏற்க முடியாத இடம் எதுவும் இதில் இருந்தால், அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

விசுவாசக் குறைவு என்ற சொல்லை முதலில் உங்கள் மேலிருந்து இறக்கி வைக்க வேண்டும். அது இருக்கும்வரை வேறெதையும் பேச முடியாது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார். அது நீங்கவில்லை. மறுநாள் அவர் சிலுவையில் அறையப்பட்டார். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் எடுபட வேண்டும் என்று மூன்று முறை வேண்டிக்கொண்டான். அதுவும் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் மட்டுமே கிடைத்தது. கேட்டது கிடைக்காமல் போனவர்களின் வரிசையில் இந்த இருவரும் நிற்கும்போது, கிடைக்காமல் போனதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்கும் உரிமை எந்தச் சபையாருக்கும் இல்லை. அப்போஸ்தலருடைய நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து வெளியே அழைத்துப்போகிறான். ஒரே சபை, ஒரே ஏரோது, ஒரே காலம். யாக்கோபின் வீட்டார் சரியாக ஜெபிக்கவில்லை என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் சொல்லும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்திலும் இதே நிலைதான்: 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்களும், 37ஆம் வசனத்தில் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்களும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு நிற்கிறார்கள். நம் பிரசங்கங்களில் முதற்பாதி வாசிக்கப்படுகிற அளவுக்கு இரண்டாம் பாதி வாசிக்கப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

துன்பத்தைப் பாவத்தோடு முடிச்சுப் போடும் பழக்கம் இயேசுவின் காலத்திலேயே இருந்தது. பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியைப் பற்றிப் பேசும்போதும், இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். யோபின் சிநேகிதர்களை நாம் பழிக்கிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்தது மிகச் சரியானது. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்களுடைய தவறு எட்டாம் நாளிலிருந்து, வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோது ஆரம்பித்தது. புத்தகத்தின் முடிவில் தேவன் கோபித்துக்கொண்டது கதறிக் கேள்வி கேட்ட யோபின்மேல் இல்லை. தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு காரணம் அடுக்கிய அந்தச் சிநேகிதர்கள்மேல்தான். யோபுக்கோ கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும். சாம்பலில் உட்கார்ந்திருந்த அவனுக்கு 42ஆம் அதிகாரம் வரைக்கும் தெரியாது.

திட்டம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத பயத்தில் வரும் சொல் அது. பெரும்பாலும் எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். உங்கள்பேரில் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம் வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் தவறாமல் இருக்கும். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலேயே இறந்திருப்பார்கள். அதற்கு முன்னால் 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதைச் சொல்கிறான். அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேராகச் சொல்கிறார். எரேமியாவின் கடிதம் சொல்வது இதுதான்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு இருக்கும் இடத்தைவிட, துன்பத்துக்குள் எப்படி நாளைக் கழிப்பது என்பதற்கு அந்தக் கடிதத்தில் இடம் அதிகம்.

இங்கேதான் காரணம், அர்த்தம் என்ற இரண்டு சொற்களையும் நான் பிரித்து வைக்கிறேன். காரணம் என்பது நடந்ததற்குப் பின்னால் இருப்பது. ஏன் நடந்தது என்ற கேள்விக்கு அது பதில். அர்த்தம் என்பது நடந்ததற்கு முன்னால், இனி வரப்போகும் நாட்களில், மெதுவாக உண்டாவது. கிறிஸ்தவ விசுவாசம் முதலாவதைத் தருவதாக எங்கும் வாக்களிக்கவில்லை. இரண்டாவது உண்டாகும்வரை உடன் இருப்பேன் என்று வாக்களிக்கிறது. ரோமர் 8:28ஐ, சகலமும் நன்மைதான் என்பதுபோலப் பலர் சொல்கிறார்கள். பவுல் அப்படி எழுதவில்லை; சகலமும் "நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று எழுதுகிறான். உங்கள் கணவரின் மரணம் நன்மை என்று சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றே அவன் வேறிடத்தில் அழைக்கிறான். அந்த வசனத்துக்குச் சற்று முன்னால் சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், எப்படி ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாத வேளையில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வருகிறது. இந்தப் பெருமூச்சுகளைக் கடந்துதான் 28ஆம் வசனத்துக்கு வர வேண்டும், குறுக்குவழி இல்லை.

இதை நம் மண்ணிலேயே வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்ற மிஷனரித் தம்பதியர் கொல்லிமலையில் ஊழியம் செய்தவர்கள். அவர்கள் மகன் பால் 1914இல் பிறந்து அந்த மலையிலேயே வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தகப்பன் ஜெஸ்ஸி, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கடுங்காய்ச்சலில் சில நாட்களுக்குள் மலையிலேயே இறந்தார். அப்போது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். செய்தி தந்தியில் மகனை எட்டிவிட்டது. ஆனால் தபால் கப்பலில் வந்த காலம் அது, ஆகவே அப்பா உயிரோடிருந்தபோது எழுதிப் போட்ட கடிதங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. இறந்துபோன தகப்பன், மலையில் தான் பார்த்த மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதிய கடிதத்தை ஏறத்தாழ 15 வயதுப் பையன் பிரித்து வாசிக்கிறான். உங்கள் கை இரவில் தானாக அந்தப் பக்கம் போவதை வாசித்தபோது எனக்கு அந்தக் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஈவ்லினுக்கு அப்போது 50 வயது. பின்பு இங்கிலாந்துக்கு வந்து கப்பலிலிருந்து இறங்கிய தாயை மகனால் அடையாளம் காண முடியவில்லை. அழகும் உயரமுமாக நினைவில் வைத்திருந்த அம்மா, கூனிக் குறுகி, நரைத்துக் கிழவியாக வந்து நின்றாராம். இவர் விசுவாசத்தில் தளர்ந்த பெண் இல்லை. பிற்காலத்தில் பாட்டி பிராண்டு என்று மலை மக்கள் கொண்டாடிய அதே பெண்தான். துக்கம் விசுவாசியின் முதுகையும் வளைக்கும் என்பதை மறைக்காமல் மகன் சொல்லிவைத்தார். நான் அதற்காக அவருக்கு நன்றியுள்ளவனாயிருக்கிறேன். ஈவ்லின் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். மிஷன் சங்கம் அவரை அந்த மலையில் தொடர விடாமல் வேறு இடங்களில் வைத்தது. ஏறத்தாழ 70 வயதில் சங்கம் ஓய்வு கொடுத்தபோது, ஓய்வை வாங்கிக்கொண்டு, சம்பளமும் சங்கமும் இல்லாமல் மலைக்கே திரும்பினார். கணவர் எட்ட நினைத்த ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது அவர் வைராக்கியம். இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டும், மட்டக்குதிரையில் உட்கார்ந்தும் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வாழ்க்கையைச் சொல்லி, "பார்த்தீர்களா, இதற்காகத்தான் ஜெஸ்ஸி இறந்தார்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்கமாட்டேன். ஜெஸ்ஸி உயிரோடிருந்திருந்தால் இருவரும் சேர்ந்தே அந்த ஐந்து மலைகளுக்கும் போயிருப்பார்கள். மலை மக்களுக்கு அதுவே நன்மையாக இருந்திருக்கும். அவருடைய மரணத்துக்குக் காரணம் 1974இலும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மரணத்துக்குப் பின் வந்த 45 ஆண்டுகள் அர்த்தமில்லாமல் போகவில்லை. முதல் இருபது ஆண்டுகளில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கவும் முடியாது. எட்டு மாதத்தில் அர்த்தம் தெரியவில்லையே என்று நீங்கள் கலங்குவதால் இதைச் சொல்கிறேன்.

மகன் பால் பிராண்டு அறுவைச் சிகிச்சை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு திருமணியில் இருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனவர், ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். விரல் மடங்கி முடங்கிப்போன அந்தக் கையின் பிடி தாங்கமுடியாத வலுவோடு இருந்தது. தசை செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த கையில் நல்ல தசைகள் இருக்கின்றன என்று அந்தப் பிடியிலிருந்து அவர் கண்டுகொண்டார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டைத் திறக்கத் தாம் திணறிக்கொண்டிருந்தபோது, தொழுநோயுள்ள ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான்; பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் அழிவது நோய்க்கிருமி தின்பதால் என்பதைவிட, வலி தெரியாததால்தான் என்று அவரும் அவருடைய குழுவினரும் இப்படிப் படிப்படியாக நிறுவினார்கள். இரவில் எலி கடித்தாலும் எழுந்திருக்காத அந்த நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காலில் புண் வராமல் இருக்க மெத்தென்ற ரப்பரில் தனிச் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். ஒருமுறை லண்டனில், நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் காலுறையைக் கழற்றும்போது குதிகால் மரத்திருப்பதை உணர்ந்து ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நம்பி இரவு முழுவதும் தூங்காமல் கிடந்து, காலையில் மீண்டும் குத்தியபோது வலி சுரீர் என்று ஏறியதாம். ரயிலில் உட்கார்ந்த விதத்தில் நரம்பு அழுந்தியதுதான் காரணம். அன்றிலிருந்து வலிக்காக தேவனைத் துதிக்கப் பழகியதாக அவர் சொன்னார்.

அவருடைய இந்தச் சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் அதை உங்களுக்கு மருந்தாகக் கொடுக்கமாட்டேன். உடம்பு வலி நம்மைக் காக்கும் காவல் என்பது மருத்துவ உண்மை. துணையை இழந்த வலி எந்த ஆபத்திலிருந்து நம்மைக் காக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: வலிக்கிற இடத்தில் உயிர் இருக்கிறது. உங்கள் கை இரவில் தேடுகிறதென்றால், அன்பு இன்னும் மரத்துப்போகவில்லை என்று பொருள். அதை விசுவாசக் குறைவு என்று பெயரிட்டு வெட்டி எறிய வேண்டாம்.

வேலூரில் அதே காலத்தில் நடந்த இன்னொரு காரியம் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ், பெண்கள் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954 ஜனவரி 30 அன்று உடன் வேலை செய்தவர்களோடு உல்லாசப் பயணமாகப் போன வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு முழுவதும் போயிற்று. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. பிரசவ அறையில் ஓடி வேலை செய்யும் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் தேவனிடம் கேட்டதெல்லாம் நமக்குத் தெரியாது. ஜெபித்தும் கால்கள் திரும்பவில்லை என்பது தெரியும். அந்த நாட்களில் பால் பிராண்டு ஒரு யோசனை சொன்னார். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு மருத்துவர் வருவதைப் பார்த்த தொழுநோயாளிகளுக்கு, தங்கள் முடங்கிய கையைப் பற்றி வேறு எவரும் கொடுக்க முடியாத ஒரு நம்பிக்கை அந்தக் காட்சியிலேயே கிடைத்தது. பிறகு அவர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் போய், உறுப்புகள் செயலிழந்தோருக்கான மறுவாழ்வு மருத்துவத்தைப் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தும், சாலை விபத்திலும் தண்டுவடம் முறிந்து வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் ஏறி இறங்கவும், தாங்களே குளிக்கவும், ஏதாவது ஒரு தொழில் செய்யவும் அங்கே இன்றும் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். 1972இல் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் காலமானார்.

இங்கேயும் அதே எச்சரிக்கை வேண்டும். மையம் உண்டாவதற்காகத் தேவன் வண்டியைக் கவிழ்த்தார் என்று கணக்குப் போடுகிறவர்கள், அறியாமலே தேவனைக் கொடுமைக்காரராக்குகிறார்கள். விபத்து விபத்துதான். அந்த விபத்துக்குப் பிறகும் தம்மைத் தேவன் கைவிடவில்லை என்று மேரி நம்பினார். மீதமிருந்த இரண்டு கைகளையும் அந்த நம்பிக்கையில் நீட்டினார். அர்த்தம் அங்கிருந்து வளர்ந்தது. அந்த யோசனையைச் சொன்ன பால் பிராண்டும் "இதில் ஒரு நோக்கம் இருக்கிறது" என்று பிரசங்கம் செய்யவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைக் காட்டினார், கற்றுக்கொடுத்தார். துக்கத்தில் இருப்பவருக்கு நாம் கொடுக்கக்கூடியது அந்த அளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோமர் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று வாசிக்கிறோம். பரீட்சை என்றதும் நம் காதில் பள்ளிக்கூடப் பரீட்சை விழுகிறது. தேவன் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருப்பதுபோலவும், உங்கள் கணவர் அதில் ஒரு கேள்வி போலவும் ஆகிவிடுகிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல், புடமிட்டுத் தேறிய தன்மையைக் குறிக்கிறது. வேதத்தின் இன்னொரு தமிழ் வடிவமான பொது மொழிபெயர்ப்பு அதைத் தகைமை என்று சொல்லும். மதிப்பெண் போடும் காரியம் அங்கே இல்லை. நெருப்பைக் கடந்த பிறகு ஒரு பொருளில் நிலைத்திருக்கும் உறுதியைப் பற்றியே பவுல் பேசுகிறான். அந்த உறுதி தனக்கு வந்துவிட்டது என்று நெருப்புக்குள் இருக்கும்போதே யாருக்கும் தெரியாது.

உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குக் காட்டியது எதை என்று யோசித்துப் பாருங்கள். மரணத்தை ஜெயித்த சரீரத்தில் ஆணிக் காயங்கள் மறைந்திருக்கலாம், மறையவில்லை. கைகளையும் விலாவையும் காட்டித்தான் தம்மை அடையாளப்படுத்துகிறார். பரலோகத்திலும் துடைக்கப்படாத தழும்பு உண்டென்றால், உங்கள் துக்கத்தை முழுவதும் துடைத்துக்கொண்டு வந்தால்தான் தேவன் ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கத் தேவையில்லை. லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் தீரப்போகும் துக்கத்துக்கே அவர் அழுதார்.

ஆகையால் அழுகை விசுவாசத்தின் ஒரு பேச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. சிநேகிதரையும் தோழரையும் தூரமாக்கினீர் என்று சொல்லி, இருளிலேயே முடிந்துபோகிறது. அந்த இருளோடு அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அதை எழுதியவன் இருளில் இருந்தான், ஆனால் இருளிலும் "கர்த்தாவே" என்று அழைத்துத்தான் பேசுகிறான்.

எலியாவை மறக்க வேண்டாம். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, தட்டியெழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தான்; மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தாலோ, பிள்ளைகளைக் கவனிக்க முடியாத அளவுக்குச் சோர்வு இருந்தாலோ, இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைத் திறந்து சொல்லுங்கள். டயாலிசிஸுக்கு அவரை அழைத்துப்போனது எப்படி விசுவாசக் குறைவில்லையோ, அப்படியே இதுவும். சிகிச்சைக்காக வாங்கிய கடனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதைச் சபையின் மூப்பர்களிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஆதிச் சபை விதவைகளின் சாப்பாட்டுக்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்து நியமித்தது. உங்களுக்காக 21 நாள் உபவாசித்த சபைக்கு, உங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் கடமையும் உண்டு.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கஷ்டத்துக்கு அர்த்தம் உண்டு என்ற பேச்சு, தடுக்கக்கூடிய கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சாக மாறிவிடக்கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைச் சகிப்பதையும், கூலி கொடுக்காத முதலாளியைச் சகிப்பதையும் "உன் சிலுவை" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது பாவம். சிலுவை இயேசு மனமுவந்து எடுத்தது. இன்னொருவர் தோளில் நாம் தூக்கி வைப்பது சிலுவையாகாது.

நான் சந்தித்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கணவரும் டயாலிசிஸில் சில ஆண்டுகள் இருந்து இறந்தவர். இறந்தபின் இரண்டு வருடம் அந்த மருத்துவமனை இருந்த தெருப்பக்கமே அவர் போகவில்லை. பிறகு ஒருநாள், புதிதாக டயாலிசிஸ் தொடங்கிய ஒருவரின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஏதோ கேட்டு அனுப்பியதால் போனார். அந்த இளம்பெண்ணுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது எப்படி, தாகம் தாங்காமல் அவர் கத்தும்போது வாயை மட்டும் நனைத்துத் துப்பச் சொல்வது எப்படி, ஃபிஸ்டுலா போட்ட கையில் தலைவைத்துப் படுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் வாரம் ஒருநாள் போக ஆரம்பித்தார். தேவன் நமக்கு அருளும் ஆறுதலினாலே, உபத்திரவப்படுகிறவர்களுக்கு நாம் ஆறுதல்செய்யத் திராணியுள்ளவர்களாகும்படி என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் அவரிடம் ஒருமுறை நினைவூட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா, அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் அளக்கத் தெரியவில்லை" என்றார். நீங்களும் அப்படிப் போக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு அந்தத் தெருவுக்குள் திரும்பக் காலடி வைக்க இரண்டு வருடம் ஆயிற்று என்பதற்காகவே எழுதினேன்.

நினைவு ஆராதனையைப் பொறுத்தவரை, சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. எல்லாம் நன்மைக்கே என்று மனதில் இல்லாததை ஒலிபெருக்கியில் சொல்வதைவிட மௌனமாக உட்கார்ந்திருப்பது நேர்மையானது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று போதகர் வற்புறுத்தினால், 88ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள், 18 வசனங்கள்தான். விளக்கம் எதுவும் சேர்க்காமல் முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். நடுவில் குரல் உடைந்துவிட்டால் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள், மீதியை அவன் வாசிக்கட்டும்.